ரெண்டு வயசாச்சு, குழந்தையோட பாலை மாத்தணுமா? பாக்கெட்டைப் பாத்து முடிவு பண்றது எப்படி

குழந்தைக்கு ரெண்டு வயசு முடிஞ்சதும் நிறைய வீட்டுல இந்தப் பேச்சு வந்துடும். அமெரிக்காவுல இருக்கற சித்தி போன்ல "இனிமே லோ ஃபேட் பாலுக்கு மாத்திடுமா, இங்கெல்லாம் டாக்டரே அப்படித்தான் சொல்றாங்க"ம்பாங்க, இங்க பாட்டி "புள்ளை எலும்பும் தோலுமா இருக்கு, இதுல பாலையும் தண்ணியா குடுக்கப் போறியா"ன்னு கோவிச்சுப்பாங்க. ரெண்டு பேரும் அக்கறையிலதான் பேசறாங்க, ஆனா ரெண்டு பேரும் மனசுல வச்சிருக்கற பால் வேற வேற பால், அதை யாரும் சொல்றதில்ல. அதனால மாத்தறதா வேண்டாமான்னு யோசிக்கறதுக்கு முன்னாடி நீங்க இப்ப எந்தப் பால் குடுக்கறீங்கன்னு பாருங்க, பாதி கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சுடும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா கொழுப்பு எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். பேரையும் கலரையும் விட்டுட்டு அந்த நம்பரை மட்டும் பாருங்க. ஆவின்ல ஆரஞ்சு பாக்கெட் ஃபுல் க்ரீம், 6% கொழுப்பு. பச்சை 4.5%. வயலட் 3.5%. நீலம் டோன்டு மில்க், 3%. மெஜன்டா கலர்ல வர்றது டபுள் டோன்டு, 1.5%. அமுல் வாங்கறவங்களுக்கு கோல்டு 6%, சக்தி 4.5%, தாசா 3%. தனியார் பாலுக்கெல்லாம் கலர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா ஃபுல் க்ரீம்னு போட்டா 6%, டோன்டுன்னு போட்டா 3% கொழுப்பாவது இருக்கணுங்கறது நாடு முழுக்க ஒரே சட்டம். வீட்டுக்கு வந்து ஊத்திட்டுப் போற எருமைப் பால்னா 6, 7ன்னு இருக்கும், கலப்பின மாட்டுப் பால் பெரும்பாலும் மூணரையில இருந்து நாலரைக்குள்ள.

இப்ப சித்தி சொல்றதுக்கு வருவோம். அமெரிக்காவுல "ஹோல் மில்க்"னு விக்கறது 3.25% கொழுப்பு. அங்க இருக்கற குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்றது என்னன்னா ஒரு வயசுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் அந்த ஹோல் மில்க், ரெண்டுக்கு அப்புறம் கொழுப்பு குறைஞ்ச பால். அதாவது அவங்க "கொழுப்பு அதிகம், குறைச்சுக்கோ"ன்னு சொல்ற பாலே கிட்டத்தட்ட நம்ம நீல பாக்கெட்தான்! நம்ம ஆரஞ்சு பாக்கெட்ல அதைப் போல ரெண்டு மடங்கு கொழுப்பு இருக்கு. இது தெரியாம நீல பாக்கெட் குடுத்துட்டு இருக்கற அம்மாக்கள் அந்த அட்வைஸைப் படிச்சுட்டு டபுள் டோன்டுக்கு ஓடறாங்க, இன்னொரு பக்கம் ஹோல் மில்க்னா ஃபுல் க்ரீம்தான்னு நினைச்சு ஒரு வயசுக் குழந்தைக்கு ஆரஞ்சு பாக்கெட் தேடி அலையறவங்களும் இருக்காங்க. ரெண்டும் தேவையில்ல. லண்டன்ல அக்கா இருந்தா இன்னும் குழப்பம், அங்க நீல மூடி போட்டதுதான் ஹோல் மில்க், பச்சை மூடி கொழுப்பு பாதி எடுத்தது, நம்ம ஊர் கலருக்கு அப்படியே தலைகீழ். இங்கிலாந்து சுகாதாரத் துறை ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருந்ததும் கிட்டத்தட்ட அதேதான்: ரெண்டு வயசு வரைக்கும் ஹோல் மில்க், அப்புறம் குழந்தை நல்லா சாப்பிட்டு நல்லா வளர்ந்தா பச்சை மூடிக்கு மாறலாம்னாங்க; கொழுப்பு சுத்தமா எடுத்த பாலும் 1% பாலும் அஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம்ங்கறது இப்பவும் அப்படியேதான்.

ஒரு வயசுக்குள்ள மாட்டுப் பாலை முக்கிய பாலா குடுக்கறதே இல்ல, தாய்ப்பால்தான், முடியாதப்போ டாக்டர் சொன்ன பால் பவுடர். ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் கொழுப்பைக் குறைக்கற பேச்சே வேண்டாம். மூளை வேகமா வளர்ற காலம் அது, வயிறோ சின்னது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே நிறைஞ்சுடும், அதனால சாப்பிடற கொஞ்சத்துலயே சத்தும் கலோரியும் அடர்த்தியா இருக்கணும். தாய்ப்பால்லயே சுமார் 4% கொழுப்பு இருக்குன்னு நினைச்சுப் பாருங்க. தாய்ப்பால் இன்னும் குடுக்கறவங்க ரெண்டு வயசைத் தாண்டியும் தாராளமா குடுக்கலாம், மத்த பால் அளவு தானா குறைஞ்சுடும். இந்த வயசுல 3% பாலோ 3.5% பாலோ 4.5% பாலோ எதுவா இருந்தாலும் சரி, 1.5%க்கு மட்டும் இறங்காதீங்க. குடும்பத்துல சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்தவங்க இருந்தாலோ, கொலஸ்ட்ரால் பரம்பரையா இருந்தாலோ, குழந்தை உயரத்துக்கு எடை ரொம்ப அதிகமா இருந்தாலோ ரெண்டுக்கு முன்னாடியே மாத்தற யோசனை வரும், ஆனா அது டாக்டர் பாத்துட்டு சொல்ல வேண்டியது, நாமளா பண்றதில்ல.

ரெண்டு வயசு தாண்டினப்புறம்தான் உண்மையான முடிவு.

முதல்ல எடை. எதிர்வீட்டுக் குழந்தை கொழுகொழுன்னு இருக்கு நம்மது ஒல்லின்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. தடுப்பூசி அட்டையிலயே வளர்ச்சிக் கோடு போட்ட பக்கம் இருக்கும், அங்கன்வாடியில எடை பாத்து குறிச்சுக் குடுப்பாங்க, குழந்தை டாக்டர்கிட்ட போனா எடையும் உயரமும் சேத்து பாத்து சொல்வாங்க. ஒரு தடவை பாத்த நம்பரை விட அந்தக் கோடு எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் முக்கியம். குழந்தை தன்னோட கோட்டுலயே மெதுவா ஏறிட்டு இருந்தா, அது மேல் கோடா இருந்தாலும் கீழ் கோடா இருந்தாலும், நல்லாத்தான் வளருது. கோடு படுத்துடுச்சுன்னா, இல்ல கீழ இறங்குதுன்னா பால்ல கொழுப்பைக் குறைக்கற நேரம் அது இல்ல, முதல்ல ஏன்னு பாக்கணும். உயரத்தை விட்டுட்டு எடை மட்டும் சரசரன்னு மேல போனா அப்ப பாலைப் பத்தி பேசலாம்.

நீல பாக்கெட் குடுக்கறீங்க, குழந்தை நல்லா வளருதுன்னா என்ன மாத்தணும்? ஒண்ணும் மாத்த வேண்டாம், அதே பாலை குடும்பத்தோட சேந்து குடிக்கட்டும். ஆரஞ்சு பாக்கெட்டோ எருமைப் பாலோ குடுக்கறவங்க கொஞ்சம் கணக்குப் போடணும். அரை லிட்டர் 6% பால்ல சுமார் 30 கிராம் கொழுப்பு, ஒரு கிராமுக்கு 9 கலோரி, கொழுப்புல இருந்து மட்டும் 270 கலோரி, பால்ல இருக்கற புரதம் சர்க்கரை எல்லாம் சேத்தா நானூறை நல்லா தாண்டிடும். இந்த வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையே சுமார் ஆயிரம் கலோரிதான். அப்ப கிட்டத்தட்ட பாதி வயிறு பால்லயே நிறைஞ்சுடுது, அப்புறம் சோறு ஊட்டினா வாயை மூடிக்கத்தான் செய்யும். அதே அரை லிட்டரை 3% பாலா குடுத்தா 15 கிராம் கொழுப்பு குறையும், மூணு டீஸ்பூன் நெய் அளவு. எடை நல்லா இருக்கற குழந்தைக்கு இது நல்ல மாற்றம், பசி எடுக்கும், சாப்பாடு இறங்கும். ஒல்லியா இருக்கற குழந்தைக்கு அந்த மூணு டீஸ்பூனும் தேவைப்படலாம், அப்ப 4.5%லயே இருங்க, இல்லன்னா 3% குடுத்துட்டு பருப்பு சாதத்துல நெய்யா போட்டுக் குடுங்க, முட்டை குடுங்க, வேர்க்கடலையை நல்லா பொடிச்சோ அரைச்சோ குடுங்க (முழுக்கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில சிக்கிடும்).

மெஜன்டா பாக்கெட் 1.5% பால் ரெண்டு வயசுக்கு மேல தப்புன்னு சொல்ல மாட்டேன், இங்கிலாந்து பச்சை மூடிப் பாலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனா எடை அதிகமா இருந்து, மத்த சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடற குழந்தைக்குத்தான் அது பொருந்தும். ரசம் சாதம், இட்லி, பழம்னு கொழுப்பே இல்லாத சாப்பாட்டுல ஓடிட்டு இருக்கற குழந்தைக்கு பால்லயும் எடுத்துட்டா வேற எங்க இருந்து கிடைக்கும்? ஒண்ணுல இருந்து மூணு வயசுக்கு மொத்த கலோரியில 30ல இருந்து 40% கொழுப்புல இருந்து வரணும்னு சொல்றாங்க, நம்ம வீட்டுச் சாப்பாட்டுல அது தானா வந்துடும்னு நினைக்காதீங்க, பல குழந்தைங்களுக்கு பால்தான் அதுல பெரும் பங்கு.

கொழுப்பைக் குறைச்சா குழந்தை குண்டாகாதுன்னும் நேரா சொல்லிட முடியாது. 2020ல கனடாவுல டொரான்டோ ஆராய்ச்சியாளர்கள் 28 ஆய்வுகளை அலசிப் பாத்தப்போ, கொழுப்பு குறைஞ்ச பால் குடிச்ச குழந்தைங்களை விட ஹோல் மில்க் குடிச்ச குழந்தைங்களுக்கு உடல் பருமனுக்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 40% கம்மியா தெரிஞ்சுது. அதுக்காக ஹோல் மில்க் இளைக்க வைக்குதுன்னு எடுத்துக்கக் கூடாது, குண்டா இருக்கற குழந்தைங்களுக்குத்தான் பெத்தவங்க லோ ஃபேட் குடுத்திருப்பாங்க, அதனாலயும் கணக்கு அப்படி வந்திருக்கலாம். ஆனா பாலை மட்டும் குத்தவாளி ஆக்கிடறது சரியில்லங்கறது புரியுது இல்லையா.

அதனால எடை அதிகம்னு தெரிஞ்சாலும் முதல்ல குறைக்க வேண்டியது பால்ல கலக்கற சமாச்சாரம். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, மேல ரெண்டு ஸ்பூன் சாக்லேட் பவுடர், அதோட தொட்டுக்க பிஸ்கட். ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரையே சேக்கக் கூடாது, அதுக்கு மேலயும் வெறும் பால் பழகின குழந்தை அப்படியே குடிக்கும். இதை எடுத்துட்டு ஒரு மூணு மாசம் பாருங்க, நிறைய வீட்டுல பாக்கெட் கலரை மாத்தற அவசியமே வராது.

அடுத்தது அளவு, இதை நான் கொழுப்பு சதவீதத்தை விட பெருசா நினைக்கறேன். ஒரு நாளைக்கு 400ல இருந்து 500 மில்லி போதும், தயிரும் அதுல சேத்திதான். 100 மில்லி பால்ல சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, மூணு வயசு வரைக்கும் தேவை 500 மில்லிகிராம்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லுது, கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த அளவுலயே வந்துடுது. முக்கால் லிட்டர் ஒரு லிட்டர்னு போற குழந்தைங்களுக்கு ரத்தசோகை வர்றது ரொம்ப சாதாரணம், பால்ல இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்ல, அதுல இருக்கற கால்சியம் சாப்பாட்டுல இருக்கற இரும்பையும் உடம்புல சேரவிடாம பண்ணும், பசியும் போயிடும், மலச்சிக்கலும் வரும். முகம் வெளுத்துப் போய், மண்ணு சாக்பீஸ்னு எடுத்து வாயில வைக்கற குழந்தைன்னா பால் அளவைக் கேட்டுட்டு ரத்தத்துல ஹீமோகுளோபின் பாக்கச் சொல்வாங்க டாக்டர். பாட்டில்ல குடிக்கற குழந்தைக்குத்தான் அளவு தெரியாம ஏறும், ஒண்ணரை வயசுக்குள்ள டம்ளருக்கு மாத்திடுங்க, ராத்திரி பாட்டிலோட தூங்கினா பல்லும் சொத்தையாகும்.

தயவுசெஞ்சு தண்ணி ஊத்தி "லைட்" ஆக்காதீங்க. பால் கெட்டியா இருந்தா செரிக்காதுன்னு சொல்லி ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்தற வழக்கம் இன்னும் இருக்கு. டோன்டு மில்க்ல கொழுப்பு மட்டும் குறைச்சு புரதம் கால்சியம் எல்லாம் இருக்கற மாதிரி பால் பவுடர் சேத்து சரி பண்ணியிருப்பாங்க, 1940கள்ல மும்பை ஆரே பால் பண்ணையில குரோடிங்கறவர் எருமைப் பாலை வச்சு ஆரம்பிச்ச வேலை அது. வீட்டுல தண்ணி ஊத்தினா கொழுப்போட சேத்து எல்லாமே பாதியாயிடும், வயிறு மட்டும் நிறையும். பால் குடிச்சா வயிறு உப்புது, பேதியாகுதுன்னாலும் கொழுப்பைக் குறைச்சு பிரயோஜனம் இல்ல, பெரும்பாலும் அது லாக்டோஸ் (பால்ல இயற்கையாவே இருக்கற சர்க்கரை) செரிக்காத விஷயம், எந்தக் கலர் பாக்கெட்லயும் அந்த லாக்டோஸ் இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க.

மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒரே நாள்ல மாத்தாதீங்க, ருசி வித்தியாசம் உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. முதல் சில நாள் முக்கால் பங்கு பழைய பால் கால் பங்கு புதுசு, அப்புறம் பாதிப் பாதி, அப்புறம் முழுசா, ஒண்ணு ரெண்டு வாரத்துல பழகிடும். 6%ல இருந்து நேரா 1.5%க்கு தாவாம 4.5%, 3%னு இறங்குங்க. கொழுப்பை எடுக்கும்போது அதுல இருக்கற வைட்டமின் ஏ, டியும் போயிடும், அதனால அதைச் சேத்த பாலா பாருங்க, பாக்கெட்ல பிளஸ் எஃப் முத்திரை இருக்கும். மாத்தி ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி எடை பாத்து கோடு எப்படிப் போகுதுன்னு பாருங்க, இறங்கினா பழைய பாலுக்கே திரும்பிடுங்க.

வீட்டுல ஒரு வயசுல ஒண்ணு நாலு வயசுல ஒண்ணுன்னு ரெண்டு குழந்தை இருந்தா ரெண்டு விதமான பாக்கெட் வாங்கி ஃப்ரிட்ஜை நிறைக்க வேண்டாம். சின்னதுக்கு ஏத்த பாலையே, அதாவது 3%க்குக் குறையாத பாலை வாங்குங்க. பெரியவங்களுக்கு எடை கூடுதலா இருந்தா காய்ச்சி ஆற வச்சு ஆடையை எடுத்துட்டுக் குடுங்க, பாக்கெட் பால்ல ஆடை கொஞ்சமாத்தான் படியும், இருந்தாலும் அந்த அளவு குறைஞ்சாலும் குறைஞ்சதுதான், எடுத்த ஆடையை சின்னதுக்கு சாதத்துல பிசைஞ்சு குடுத்துடலாம்.