கிரிக்கெட் பதிவில் ஓவருக்கு ஓவர் வரும் விளம்பரத்தைத் தாண்டுவது எப்படி?

என் மச்சினனுக்கு ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட். ஏழு மணிக்குத் தொடங்கும் டி20 ஆட்டத்தை அவன் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்து நள்ளிரவுக்கு மேல்தான் பார்ப்பான். பஸ்ஸில் யாராவது ஸ்கோரைச் சொல்லிவிடக் கூடாது என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வருகிறவன், வீட்டுக்கு வந்தும் ஓவர் முடிந்தால் விளம்பரம், விக்கெட் விழுந்தால் விளம்பரம் என்று உட்கார்ந்திருப்பதா? அவனுக்காகச் செய்துவைத்த ஏற்பாடு இது.

தேவையானவை: டிடி ஃப்ரீ டிஷ், யுஎஸ்பி ரெக்கார்டிங் உள்ள செட்டாப் பாக்ஸ், பென்டிரைவ், விண்டோஸ் லேப்டாப். மென்பொருள் இரண்டு, இரண்டுமே இலவசம்: விளம்பரத்தைக் கண்டுபிடிக்க காம்ஸ்கிப், படம் ஓட்ட கோடி பிளேயர்.

ஏன் ஃப்ரீ டிஷ்? இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இல் வந்த சட்டம் சொல்கிறது. அதனால் அவை டிடி ஸ்போர்ட்ஸில் வருகின்றன. சந்தா இல்லாத சேனல் என்பதால் பதிவுக்குப் பூட்டு கிடையாது. கட்டண டிடிஎச் பாக்ஸில் பதிந்ததைக் கணினியில் திறக்க முடியாது. பதிந்த பாக்ஸில்தான் ஓடும். அங்கே ரிமோட்டில் ஓட்டித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் பதிவு. டைமரை ஆட்டம் முடியும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவே வையுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 வகை என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. முழு ஆட்டம் இரண்டு மூன்று துண்டாக வரலாம். ஒட்டவைக்க மெனக்கெட வேண்டாம், துண்டு துண்டாகவே பார்க்கலாம்.

அடுத்து, பதிவை லேப்டாப்புக்கு மாற்றி, அந்த ஃபைலை இழுத்துக் காம்ஸ்கிப் ஐகான் மேல் போடுங்கள். கறுப்புத் திரை, ஒலி அடங்கும் இடம், காட்சி மாற்றம், மூலையில் சேனல் லோகோ இருக்கிறதா இல்லையா, இவற்றையெல்லாம் வைத்து எது விளம்பரம் என்று அது கணிக்கும். லேப்டாப் பழசு என்றால் நேரம் பிடிக்கும். போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

எதையெல்லாம் வைத்துக் கணிக்க வேண்டும் என்பது காம்ஸ்கிப்பின் ஐஎன்ஐ ஃபைலில் (அதன் அமைப்புகள் இருக்கும், நோட்பேடில் திறக்கும் ஃபைல்) 'டிடெக்ட் மெத்தட்' என்ற வரியில் இருக்கிறது. கறுப்புத் திரைக்கு 1, லோகோவுக்கு 2, காட்சி மாற்றத்துக்கு 4, ஒலி அடங்குவதற்கு 64. வேண்டியதைக் கூட்டிப் போட வேண்டும். நான்கும் சேர்ந்தால் 71. உங்கள் பதிவில் ஒரு விளம்பரத்தை ஓடவிட்டு மூலையைப் பாருங்கள். அப்போதும் லோகோ இருந்தால் 2ஐக் கழித்து 69 போடுங்கள்.

அதே ஃபைலில் 'அவுட்புட் இடிஎல்' என்ற வரியில் 1 இருக்க வேண்டும். அப்போதுதான் பதிவின் பக்கத்திலேயே, அதே பெயரில் இடிஎல் என்ற சின்ன ஃபைல் உருவாகும். நோட்பேடில் திறந்தால் இப்படி இருக்கும்:

2810.40 2848.90 0

2810ஆவது நொடியில் தொடங்கி 2848ஆவது நொடி வரை விளம்பரம் என்று பொருள். சிக்கல் கடைசியில் இருக்கும் அந்த 0இல்தான்.

0 என்றால் 'வெட்டு'. அந்தப் பகுதியே இல்லாததுபோல் கோடி பிளேயர் நடந்துகொள்ளும். பின்னால் ஓட்டினாலும் வராது. சீரியலுக்கு அது பரவாயில்லை. கிரிக்கெட்டில் ஐந்தாவது பந்தில் விக்கெட் விழுந்தால் ஒரு விளம்பரம். புது பேட்ஸ்மேன் வந்து ஒரு பந்து ஆடுவார். ஓவர் முடிந்தது என்று மறுபடி விளம்பரம். நடுவில் மாட்டிய அந்த ஒரு பந்தையும் விளம்பரக் கணக்கில் சேர்த்துவிட வாய்ப்பு அதிகம். "மாமா, சிக்ஸர் அடிச்சான்னு ஸ்கோர் காட்டுது, பந்தையே காணோமே?" என்று நள்ளிரவு தாண்டி என்னை எழுப்பிக் கேட்டான் மச்சினன்.

இதற்கு ஐஎன்ஐ ஃபைலில் 'இடிஎல் ஸ்கிப் ஃபீல்ட்' என்ற வரியில் 0ஐ எடுத்துவிட்டு 3 போடுங்கள். 3 என்றால் 'விளம்பர இடைவேளை'. கோடி பிளேயர் அதை முதல் தடவை மட்டும் தானாகத் தாண்டும். ரிமோட்டில் பின்னால் தள்ளினால் உள்ளே இருப்பதைக் காட்டும். ஏற்கெனவே உருவான இடிஎல் ஃபைல் என்றால் நோட்பேடிலேயே 0களை 3 ஆக்கிச் சேமித்தால் போதும்.

பதிவை வெட்டி, விளம்பரம் இல்லாத புது ஃபைலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மென்பொருளின் கணிப்பை நம்பி மூலத்தை வெட்டினால் போன பந்து போனதுதான்.

கடைசியாக, பதிவும் இடிஎல்லும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ஒன்றின் பெயரை மாற்றினால் இன்னொன்றையும் மாற்றுங்கள். கோடி பிளேயரில் ஆட்டத்தைத் திறந்தால் வேலை முடிந்தது. டிவியில் ஏற்கெனவே இருக்கும் பிளேயர் இடிஎல்லைக் கண்டுகொள்ளாது. ஆண்ட்ராய்டு டிவி என்றால் அதிலேயே கோடி பிளேயரைப் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு விஎல்சி: ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் 10 நொடி, கன்ட்ரோலோடு தட்டினால் ஒரு நிமிடம் தாண்டும்.

ஆட்டம் நடக்கும்போதே திரையைச் சுருக்கி ஓரத்தில் காட்டும் விளம்பரத்துக்கு இதில் மருந்து கிடையாது.

பின்சேர்க்கை: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு நண்பர், பாதி ஆட்டத்தையே விளம்பரம் என்று தள்ளிவிடுகிறது என்றார். பதிவைப் பார்த்தால் நிமிடத்துக்கு இரண்டு தடவை படம் கறுத்துப்போகிறது. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கில், 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. அவர் வீட்டு அக்கினி மூலையில் மாமரம் தழைத்து டிஷ்ஷை மறைத்திருந்தது. சிக்னல் அறுந்தால் வரும் கறுப்பையும் காம்ஸ்கிப் விளம்பர எல்லையாக எடுத்துக்கொள்ளும். மரத்தைக் கழிக்க மனமில்லை என்று டிஷ்ஷை மொட்டைமாடிக்கு மாற்றினார். இப்போது சரியாக ஓடுகிறதாம். மழை நாளில் பதிந்ததற்கும் இதே தொல்லை வரும். அன்றைக்கு மட்டும் 'டிடெக்ட் மெத்தட்' எண்ணில் கறுப்புத் திரைக்கான 1ஐக் கழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.