மேய்ன் கடற்கரையில் நல்ல லாப்ஸ்டர் ரோலைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலத்துக்குக் கோடையில் சுற்றுலா போகிறவர்கள் ஒரு வேளையாவது லாப்ஸ்டர் ரோல் (சிங்கி இறால் போன்ற லாப்ஸ்டரின் சதையைப் பன்னுக்குள் வைத்துத் தருவது) சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம். கடலோரமாக வடக்கே போகும் ரூட் 1 சாலையில் கடைகளுக்குக் குறைவே இல்லை. எந்தக் கடையைக் கேட்டாலும் தன் ரோல்தான் ஊரிலேயே சிறந்தது என்று சொல்லும். ஒரு ரோல் 30 டாலரைத் தாண்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு நாள் அறை வாடகையில் பாதி போய்விடும். அவ்வளவு கொடுத்துச் சாப்பிடும்போது நல்லதாகக் கிடைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி ஒன்றுதான். படகிலிருந்து பன்னுக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறதோ அத்தனைக்குச் சுவை குறைகிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம், ஒரு கடையில் எத்தனை கை மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழிகள்தான்.

படி 1: எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லாப்ஸ்டர் ரோலில் மூன்றே பொருள்கள். வேகவைத்து உரித்த லாப்ஸ்டர் சதை, பன், அவற்றோடு சேரும் மயோனைஸ் அல்லது உருக்கிய வெண்ணெய்.

பன்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண ஹாட்டாக் பன்னைப் பக்கவாட்டில் பிளப்பார்கள். மேய்ன், கனெக்டிகட் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களைச் சேர்த்து நியூ இங்கிலாந்து என்பார்கள். அந்தப் பகுதியின் பன்னுக்குப் பிளவு மேலே இருக்கும். அதன் இரண்டு பக்கங்களிலும் பழுப்புத் தோல் கிடையாது, வெள்ளைச் சதைப்பகுதிதான் தெரியும். அந்தப் பக்கங்களில் வெண்ணெய் தடவி, தட்டையான கல்லில் பொன்னிறமாக வாட்டுவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. இந்த வாட்டலைச் சரியாகச் செய்யாத கடையில் மற்ற எதையும் நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

சேர்மானத்தில் இரண்டு மரபுகள் உண்டு. மேய்ன் பாணியில் சதை குளிர்ந்திருக்கும், மயோனைஸ் மெல்லிய பூச்சாகச் சேரும். கனெக்டிகட் பாணியில் சதை சூடாக, உருக்கிய வெண்ணெயில் நனைந்து வரும். சூடான ரோல் 1920களில் கனெக்டிகட்டின் மில்ஃபோர்டில் இருந்த பெர்ரிஸ் என்ற உணவகத்தில் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். இப்போது மேய்ன் கடைகள் பலவற்றில் இரண்டுமே கிடைக்கின்றன. முதல் முறை போகிறவர்களுக்குக் குளிர்ந்ததையே சொல்வேன். வெண்ணெய் எல்லாவற்றையும் சுவையாக்கிவிடும், சதையின் உண்மையான தரம் அதில் மறைந்துபோகும்.

நம் கடல்களில் பிடிபடும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்குகள் கிடையாது, வால்தான் உணவு. மேய்ன் லாப்ஸ்டர் வேறு குடும்பம். இதற்குக் கனத்த இரண்டு கொடுக்குகள் உண்டு. அந்தக் கொடுக்கின் சதையும், கொடுக்கை உடலோடு இணைக்கும் கணுக்களின் சதையும்தான் ரோலின் உயிர். கணுச்சதை இத்துணூண்டுதான் கிடைக்கும். ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் இனிப்பு.

விலை ஏன் அப்படி என்றும் ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். ஒரு பவுண்ட் லாப்ஸ்டரை உரித்தால் கால் பவுண்ட் சதை கிடைப்பதே அதிகம். ஒரு ரோலில் வழக்கமாக வைக்கும் அளவும் ஏறத்தாழ அந்தக் கால் பவுண்ட்தான், அதாவது சுமார் 115 கிராம். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு முழு லாப்ஸ்டர் போகிறது. விலைப்பட்டியலில் தொகைக்குப் பதில் ‘மார்க்கெட் பிரைஸ்’ (அன்றைய சந்தை விலை) என்று போட்டிருந்தால் தயங்காமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படி 2: நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

துறைமுகக் கடைகளில் பெரும்பாலானவை மே மாதக் கடைசியில் திறந்து அக்டோபர் நடுவில் மூடிவிடும். இந்த இடைவெளிக்குள்ளேயே சதை மாறிக்கொண்டிருக்கும். கோடையில் லாப்ஸ்டர் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடும். ஜூலைக்குப் பிறகு பிடிபடுவதில் பெரும்பகுதி இந்த மெல்லோட்டு லாப்ஸ்டர்தான். உள்ளூர்க்காரர்கள் ஷெடர் என்பார்கள். ஓட்டுக்குள் தண்ணீர் அதிகம், சதை குறைவு, ஆனால் மென்மையும் இனிப்பும் கூடுதல். ஜூன் தொடக்கத்தில் கிடைக்கும் வல்லோட்டு லாப்ஸ்டரில் சதை கெட்டியாக நிறைந்திருக்கும். எனக்கு ஆகஸ்ட் மாதத்து மெல்லோடுதான் பிடிக்கும்.

வாரத்தின் எந்த நாள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து திங்கள் விடியலுக்குச் சற்று முன்புவரை லாப்ஸ்டர் கூண்டுகளைத் தூக்க மேய்ன் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிடுவது சனிக்கிழமையோ அதற்கு முன்போ பிடித்து, கடல்நீரில் உயிரோடு வைத்திருந்த லாப்ஸ்டராக இருக்கும். அதனால் பெரிய குறை ஒன்றும் வந்துவிடாது. ஆனால் கூட்டமும் அன்றுதான் அதிகம். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் முன்பகல் 11 மணிக்கு, கடை திறந்த கையோடு போய் நின்றால் எல்லாம் புதிதாக இருக்கும். முடியாவிட்டால் பிற்பகல் 3 மணி.

படி 3: நெடுஞ்சாலையை விட்டுக் கடலை நோக்கித் திரும்புங்கள்

மேய்னின் நடுக்கடற்கரையை வரைபடத்தில் பாருங்கள். நிலம் விரல்களாக நீண்டு கடலுக்குள் இறங்கியிருக்கும். ரூட் 1 அந்த விரல்களின் அடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. மீனவர்கள் இருப்பதோ நுனியில். ஒரு விரலைத் தேர்ந்தெடுத்து, சாலை முடியும் இடம்வரை போய்விடுங்கள்.

உல்விச் அருகே ரூட் 127-இல் தெற்கே திரும்பிக் கடைசிவரை போனால் ஜார்ஜ்டவுனில் ஃபைவ் ஐலண்ட்ஸ் துறை வரும். பெமகுவிட் பக்கம் திரும்பினால் நியூ ஹார்பர், ரவுண்ட் பாண்ட் போன்ற சிறு துறைகள். ராக்லண்டுக்குத் தெற்கே ஸ்ப்ரூஸ் ஹெட்டில் மெக்லூன்ஸ் கடை இருக்கிறது. இங்கெல்லாம் நீங்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரிலேயே படகு வந்து நிற்கும்.

துறையில் இறங்கியதும் சுற்றிப் பாருங்கள். கம்பிக் கூண்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்க வேண்டும். கயிற்றில் பாசி ஒட்டியிருக்க வேண்டும். கடலில் கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்டும் மிதவைகளில் ஒரு மீனவருடைய நிறம் இன்னொருவருக்கு இருக்காது. தன் மிதவையின் நிறத்தை ஒவ்வொரு மீனவரும் உரிமத்தில் பதிவு செய்து, படகிலும் தெரியும்படி காட்ட வேண்டும். அதே நிற மிதவையைத் துறையிலும், எதிரே நிற்கும் படகிலும் பார்க்கிறீர்களா? அப்படியானால் அது வேலை நடக்கிற துறை. சுவரில் அழகுக்கு மாட்டிய பழைய மிதவைகள் மட்டும் இருந்தால் அடுத்த படியில் கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள்.

படி 4: கவுண்டரில் கேளுங்கள்

மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவோமா? இங்கே ஓடு ஏற்கெனவே போய்விட்டது, செவுளுக்குப் பதில் வாய்தான் துணை. நான்கு கேள்விகள் போதும்.

1. சதையை இங்கேயே வேகவைத்து உரிக்கிறீர்களா, வெளியிலிருந்து வருகிறதா?
2. இன்று உரித்ததா? உறையவைத்ததா?
3. எந்தப் பகுதிகள் சேர்ந்திருக்கின்றன: கொடுக்கு, கணு, வால்?
4. மயோனைஸை முன்பே கலந்து வைத்திருக்கிறீர்களா, கேட்டபின் சேர்ப்பீர்களா?

முதல் கேள்விதான் முக்கியம். உரித்த கொடுக்கும் கணுவும் பதப்படுத்தும் ஆலைகளிலிருந்து பைகளில் அடைத்து வருவதுண்டு. உறையவைத்த பையும் உண்டு. அது கெட்டதல்ல, ஆனால் துறைமுகம்வரை வண்டி ஓட்டி வந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும். கடைக்குப் பின்னால் பெரிய பாத்திரங்களில் ஆவி பறப்பதைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில், ரூட் 3-இல் இருக்கும் ட்ரென்டன் பிரிட்ஜ் கடையில் விறகடுப்புகள் சாலையோரத்திலேயே எரிந்துகொண்டிருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர் கூட வந்தால் உருளைக்கிழங்கு வறுவலை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். சிப்பியும் மீனும் பொரிக்கிற அதே எண்ணெயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓடுடைய கடலுணவு ஒவ்வாமை இருப்பவர்கள் இந்தக் கடைகளில் எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

படி 5: முதல் கடிக்கு முன் பாருங்கள்

ரோல் கைக்கு வந்ததும் அரை நிமிடம் பாருங்கள், அதற்குமேல் வேண்டாம், பன் ஆறிவிடும். கொடுக்கின் சதை முழுசாக இருக்கிறதா? நுனி உடையாமல், வெளிப்புறம் சிவந்து, உள்ளே பால்வெள்ளையாக இருந்தால் கையால் பக்குவமாக உரித்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவுத் துணுக்குகளாக, மயோனைஸில் மூழ்கி, செலரி நிறைய சேர்ந்திருந்தால் சதையின் குறையை அளவாலும் மொறுமொறுப்பாலும் ஈடுகட்டுகிறார்கள் என்று பொருள். காகிதத் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் சதையைச் சரியாக வடிக்கவில்லை. கடல் வாசம் வரலாம், அம்மோனியா நெடி மட்டும் வரவே கூடாது. வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு கடியுங்கள். சூடான பன்னும் குளிர்ந்த சதையும் ஒரே வாயில் சேர வேண்டும். சதை பல்லில் லேசாக எதிர்த்துவிட்டு விடுபட வேண்டும். ரப்பராக இழுத்தால் அதிகம் வெந்துவிட்டது. எலுமிச்சை, மிளகு எதுவும் முதல் கடிக்கு வேண்டாம். காரம் இல்லாமல் முடியாது என்பவர்கள், கேப் எலிசபெத்தில் போர்ட்லண்ட் ஹெட் கலங்கரை விளக்கம் நிற்கும் ஃபோர்ட் வில்லியம்ஸ் பூங்காவில் பைட் இன்டு மேய்ன் என்ற உணவு வண்டியைத் தேடலாம். அங்கே மசாலா சேர்த்த வகைகளும் உண்டு. 1791-இல் முதன்முதலாக ஏற்றிய விளக்கையும் பார்த்தபடி சாப்பிடலாம்.

தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போகாதீர்கள். கடற்காகங்கள் காத்துக்கொண்டிருக்கும்.

படி 6: ஒப்பிட்டுப் பாருங்கள்

ஒரே நாளில் இரண்டு கடை, இரண்டு பேருக்கு ஒரு ரோல் என்று பிரித்துக்கொண்டால்தான் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். விஸ்காசெட்டில் பாலத்தை ஒட்டி ரூட் 1-இலேயே இருக்கும் ரெட்ஸ் ஈட்ஸ் மிகவும் பெயர்பெற்றது, வரிசையும் அதற்கேற்ற நீளம். அங்கே ஒரு லாப்ஸ்டருக்கும் மேற்பட்ட சதையை எதுவும் கலக்காமல் குவித்து, வெண்ணெயோ மயோனைஸோ தனியாகக் கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு அன்றே ஒரு விரல்நுனித் துறைக்குப் போனால் ஒப்பீடு முழுமையாகும். கூட்டமில்லாத நாளில் ரெட்ஸ் ஈட்ஸ் நல்ல அனுபவம். வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டுமென்றால், என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் துறைக்கே போய்விடலாம்.

மரபை மீறிய வகைகளைப் பிறகு பாருங்கள். போர்ட்லண்டின் ஈவன்டைட் உணவகத்தில் ஆவியில் வெந்த மெத்தென்ற பன்னில், பழுப்பாகக் காய்ச்சிய வெண்ணெயோடு தருவார்கள். கென்னபங்கின் கிளாம் ஷாக் கடையில் வட்ட பன். அடிப்படை வகை நாக்கில் பதிந்த பிறகு இவற்றைச் சுவைத்தால்தான் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று புரியும்.

படி 7: சமையலறை உள்ள வீட்டில் தங்கினால்

கை மாறுவதை முழுக்கக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. துறையில் உயிருள்ள லாப்ஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். 1¼ பவுண்ட் அளவு தலைக்கு ஒன்று. மேலே பிளந்த பன் அங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பெரிய பாத்திரத்தில் இரண்டு அங்குலம் உப்புத் தண்ணீர் கொதித்ததும் லாப்ஸ்டரைப் போட்டு மூடி, 12 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். மெல்லோடு என்றால் இரண்டு மூன்று நிமிடம் குறைவு. ஆறியதும் கொடுக்கையும் கணுவையும் உடைத்து, வாலின் நடுவே ஓடும் குடலை எடுத்துவிட்டு, சதையை வடிதட்டில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு குளிர்பெட்டியில் அரை மணி நேரம். மயோனைஸ் ஒரு ரோலுக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். பன்னை வெண்ணெயில் வாட்டுவதை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். எல்லோரும் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் போதும்.