லைலாக்கும் வேப்பம்பூவும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதையில் சாவை வாசிப்பது எப்படி

சனிக்கிழமைகளில் என் விறாந்தைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் எடுப்பவர்கள் சிலர், பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிப்பவர்கள் சிலர். கொப்பியைத் திறந்தவுடன் எல்லோரும் எழுதுவது ஒரே வசனம்: "இக்கவிதையின் கருப்பொருள் சாவும் இயற்கையும்." அதை வெட்டச் சொல்வேன். வசனத்தில் பிழை இல்லை. ஆனால் அதை எழுதிய கையோடு பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிடும்.

அந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: செத்தவரை இந்தக் கவிதையில் இயற்கை என்ன செய்கிறது? விழுங்குகிறதா, கூட இருந்து அழுகிறதா, மறந்துவிடுகிறதா, திரும்பியும் பாராமல் தன் வேலையைச் செய்கிறதா? பிறகு தாளை நடுவால் மடித்து, இடப்பக்கத்தில் கவிதையில் வரும் மரம், பறவை, கடல், மண் எல்லாவற்றையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அவை ஒவ்வொன்றுக்கும் உரிய வினைச்சொல். பெயரடைகளை விடுங்கள். அவை மயக்கும்.

பழக, கவிஞர் லோங்ஃபெலோவின் கடல் ஏறி இறங்கும் கவிதையை எடுங்கள். 1879இல், எழுபது கடந்தபின் எழுதியது. பதினைந்தே வரிகள். கடல் ஏறுகிறது, இறங்குகிறது, பொழுது இருள்கிறது, பறவை கூப்பிடுகிறது, சிற்றலைகள் மென்மையான வெள்ளைக் கைகளால் மணலில் உள்ள காலடிகளை அழிக்கின்றன. வழிப்போக்கன் ஊரை நோக்கி விரைகிறான். விடிந்தபின் கரைக்குத் திரும்பவில்லை. வலப்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். "சாவு" என்ற சொல் எங்கும் இல்லை. கடல் ஏறி இறங்கும் வரி மட்டும் நான்கு முறை வருகிறது.

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நின்று இதை வாசித்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "ரீச்சர், இஞ்சை காலடி அப்பிடி முழுசா அழியிறேல்லையே?" நல்ல கேள்வி. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. பொஸ்டன் பக்கம் அது ஏறத்தாழ 3 மீற்றர். அங்கே சில மணித்தியாலத்துக்குள் ஒருவன் நடந்த இடமே தண்ணீருக்குள் போய்விடும். அந்தக் கரையைத் தெரிந்துகொண்டால்தான் அலையின் மென்மையான கை எவ்வளவு பயங்கரமானது என்று விளங்கும்.

அடுத்தது வில்லியம் கலன் பிரையன்றின் "தனடொப்சிஸ்". சாவைப் பார்த்தல் என்பது அந்தக் கிரேக்கத் தலைப்பின் பொருள். பதினேழு வயதளவில் எழுதத் தொடங்கிய கவிதை இது. வைத்தியரான தகப்பன் பொஸ்டன் சஞ்சிகை ஒன்றுக்குக் கொடுக்க, 1817இல் அச்சானது. இதை வாசிக்க ஒரு வழி சொல்கிறேன். இயற்கை பல மொழிகளில் பேசுகிறது என்று தொடங்கும் பகுதியையும், போர்வையைச் சுற்றிக்கொண்டு இனிய கனவுக்குப் படுப்பவனைப் போலப் போ என்று முடியும் பகுதியையும் கையால் மூடுங்கள். அவை இரண்டும் 1821இல் சேர்த்தவை. முதலில் அச்சானது நடுப்பகுதி மட்டும்தான்.

நடுப்பகுதியில் ஆறுதல் குறைவு. கடவுள் இல்லை, மோட்சம் இல்லை. நீ பாறைக்குச் சகோதரன் ஆவாய், உழவன் கொழுவால் புரட்டி மிதித்துப்போகும் மண்கட்டிக்கும் சகோதரன் ஆவாய், ஓக் மரம் வேரை விட்டு உன்னைத் துளைக்கும் என்கிறது. உரும்பிராயில் வெங்காயம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இந்த இடத்தில் நிமிர்ந்து, "எங்கடை தோட்டத்துச் செம்மண் கட்டி மாதிரி" என்றது. அந்தப் பிள்ளைக்கு அதற்குமேல் நான் ஒன்றும் விளக்கவில்லை.

காலத்தையும் பக்கத்தில் குறியுங்கள். இந்தக் கவிதை அச்சாவதற்கு முதல் வருடம், 1816இல், பிரையன்றின் ஊர்ப்பக்கமான, அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். அவர்களில் பலரை இந்த மண்ணிலேயே புதைத்தார்கள். மறுமையை உறுதியாக நம்பியவர்கள் அவர்கள். அதே ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு பொடியன் மண்ணை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறான். இது தெரிந்தபின் வாசித்தால் அந்த வரிகளின் துணிச்சல் தெரியும்.

அவர்கள் கொண்டுவந்த பாட்டுகள் எமிலி டிக்கின்சனை வாசிக்கவும் உதவும். அவர் பிறந்து வளர்ந்து 1886இல் இறந்த அம்ஹெர்ஸ்ற் மாசச்சூசெற்சில் உள்ள சிறிய ஊர். ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடு இருந்தபோது அச்சானவை பத்தளவுதான். அவருடைய கவிதைகளில் பெரும்பாலானவை தேவாலயப் பாட்டின் அளவில் நடக்கும்: எட்டு அசை, ஆறு அசை, எட்டு, ஆறு. தேவாலயத்தில் பாடும் பிள்ளையைக் கூப்பிட்டு, சாவே ஒரு வண்டியில் வந்து ஆளை ஏற்றிப்போகும் கவிதையை "அமேசிங் கிரேஸ்" மெட்டில் பாடச் சொல்வேன். பெரும்பாலும் பொருந்தும். ஆராதனைக்குரிய மெட்டில் இவர் கேட்பதோ ஆராதனையில் யாரும் கேட்காத கேள்வி. இதைக் காதால் கேட்டபின்தான் விளக்கத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: இணையத்திலிருந்து எடுக்கும் பிரதியில் பந்திகளை எண்ணுங்கள். ஆறு இருக்க வேண்டும். 1890இல், அவர் இறந்தபின் வந்த முதல் தொகுப்பில் நான்காம் பந்தியை எடுத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கவிதையில் மிகப் பிடித்த இடம் அதுதான். வண்டி பள்ளிக்கூடத்தைக் கடக்கிறது, பார்த்துக்கொண்டு நிற்கும் கதிர்களைக் கடக்கிறது, மறையும் சூரியனைக் கடக்கிறது. உடனே சொன்னதைத் திருத்துகிறார்: இல்லை, சூரியன்தான் எங்களைக் கடந்து போனது. பனி விழுகிறது, மெல்லிய உடுப்புக்குள் குளிர் ஏறுகிறது. அதுவரை உல்லாசப் பயணம் போலப் போனவள் செத்தவள் என்று உடம்பு அறிவது அந்தக் குளிரில். இப்படி ஒரு பந்தியை வெட்டிய பிரதியை வைத்துக்கொண்டு ஒருவரும் இந்தக் கவிதையைப் படிப்பிக்கக் கூடாது.

எட்கார் அலன் போவை இந்த வரிசையில் நான் சேர்ப்பதில்லை. அவருடைய காற்றும் கடலும் பெரும்பாலும் துக்கத்துக்குப் போட்ட திரைச்சீலை.

வோல்ற் விற்மனின் லைலாக் கவிதைக்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள். 1865 சித்திரையில் அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்டு இறந்தபின் எழுதிய நீண்ட இரங்கல் கவிதை அது. அதற்கு முன் வோஷிங்ரன் ஆஸ்பத்திரிகளில் காயப்பட்ட போர்வீரர்களுக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர் விற்மன். பதினாறு பகுதிகள், லிங்கனின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. வாசலோர லைலாக் பூஞ்செடி, மேற்கில் தாழும் நட்சத்திரம், சதுப்பில் மறைந்து பாடும் பறவை ஆகிய மூன்றும் சுற்றிச்சுற்றி வரும். மூன்று நிறப் பென்சிலால் அவற்றைக் கோடிடுங்கள். நட்சத்திரம் தாழ்ந்து மறைகிறது, லைலாக் ஒவ்வொரு வருடமும் திரும்பிப் பூக்கிறது, பறவை சாவையே வரவேற்றுப் பாடுகிறது. நான் சொன்ன அந்தக் கேள்விக்கு இங்கே ஒரே கவிதையில் மூன்று விடை.

தமிழ் நன்றாகப் படித்த பிள்ளை இதைக் கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்துச் செயலற்று வருந்தும் பழந்தமிழ்ப் பாட்டு வகை, என்று சொல்லும். சொல்லட்டும், ஆனால் வித்தியாசத்தையும் எழுத வேண்டும். பாரி மகளிர் பாட்டில் அன்று இருந்த அதே நிலவு இன்றும் இருக்கிறது, தகப்பனும் குன்றும் போய்விட்டன. அந்த நிலவு லோங்ஃபெலோவின் கடலுக்குக் கிட்ட. விற்மனின் லைலாக் அப்படி விலகி நிற்பதில்லை; அவர் ஒரு கொப்பை முறித்துப் பிரேதப்பெட்டியின்மேல் வைக்கிறார்.

"லைலாக் எண்டா என்ன மாதிரிப் பூ, ரீச்சர்?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். மல்லிகை போல என்று சொல்லித் தப்ப வேண்டாம். இலை இதய வடிவம் என்று விற்மனே சொல்கிறார். வேலியிலிருந்து ஒரு பூவரசம் இலையைப் பிடுங்கி வடிவத்தை மட்டும் காட்டலாம். செய்தி வந்த நாட்களில் லைலாக் பூத்துக் கிடந்ததையும், பிறகு அந்த மணம் வந்தாலே அந்த நாள் ஞாபகம் வருவதையும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு நான் ஐயாவைப் பற்றிச் சொல்வேன். அவரும் ஒரு சித்திரையில்தான் போனார். செத்தவீட்டுக்கு அடுக்கிய கதிரைகளில் எல்லாம் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. வந்தவர்கள் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு இருந்தார்கள்.

பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வெறுந்தாள் கொடுத்து, தங்களுக்கு ஒரு சாவோடு ஒட்டிக்கொண்ட மணம் ஒன்றை எழுதச் சொல்வேன். அதை வாங்கிப் பார்ப்பதில்லை. எழுதி முடிந்ததும் முதலாம் பகுதியிலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்குவோம்.