ஹெட்போனில் குரல் ரெண்டாகக் கேட்டால்

சித்திரைத் திருவிழா நெருங்கினால் மதுரை மாடி அறை ஸ்டுடியோக்களில் அழகர் பாட்டு ரெக்கார்டிங் களைகட்டும். கூடவே இந்தப் புகாரும்: "அண்ணே, என் குரல் ரெண்டாக் கேக்குது."

மைக்கை மாற்றாதீர்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில், குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் திறந்திருக்கிறது. ரெக்கார்டிங் மென்பொருளான ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டர் பொத்தானும் எரிகிறது. ஒரே குரல் இரண்டு வழியாக, ஒன்று தாமதமாக வருகிறது. டிராக் மானிட்டரை அணையுங்கள், தீர்ந்தது.

ரிவெர்ப் (எதிரொலி) கேட்டால்தான் பாட வரும் என்பவருக்கு மட்டும் மாற்றிச் செய்யுங்கள்: டைரக்டை மூடி, மென்பொருள் வழியை வையுங்கள். அப்போது பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவு, முக்கியம். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 44,100 ஒலி அளவீடு, அதாவது சாம்பிள்) 1024 சாம்பிள் என்றால் உள்ளே வரவே 23 மில்லிசெகண்ட், வெளியேற அதே அளவு. தவில்காரர் தாளத்தைத் துரத்த ஆரம்பித்துவிடுவார். 128க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 3 மில்லிசெகண்ட்தான். ஒலி படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனியின் ஆஸியோ (ASIO, தாமதம் குறைந்த ஒலி வழி) டிரைவரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறக்கியும் இழுக்கிறதா? எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில் லுக்அஹெட் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ போல, தாமதம் சேர்க்கும் பிளக்இன் (துணை மென்பொருள்) உட்கார்ந்திருக்கும். பைபாஸ் செய்தாலும் (ஒலி அதைத் தாண்டிப் போகவிட்டாலும்) சில மென்பொருளில் அந்தத் தாமதம் போகாது. ரீப்பரில் பிளக்இன்னை ஆஃப்லைன் ஆக்கி முழுதாக நிறுத்திவிடுங்கள். மிக்ஸிங்கில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

நாதஸ்வரம் சுமார் ஒன்றரை அரைஸ்வரம் இறங்கி, மெதுவாக ஒலித்தால் அது வேறு கோளாறு: 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஃபைல் 44.1இல் ஓடுகிறது. வாசித்தவரிடம் சண்டைக்குப் போகுமுன் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள்.