வாழைத் திசு வளர்ப்பு ஆய்வகத்தை நட்டமில்லாமல் நடத்துவது எப்படி?

ஜி-9 ரக வாழைக்கன்றுக்கு டிஷ்யூ கல்ச்சர் லேப், அதாவது கிழங்கின் குருத்தைப் பாட்டிலில் வளர்த்துக் கன்றுகளாகப் பெருக்கும் ஆய்வகம், போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது மெஷின் விலையைத்தான். ஆட்டோகிளேவும் (நீராவியில் கிருமி கொல்லும் கருவி) லேமினார் ஃப்ளோவும் (வடிகட்டிய காற்று வீசும் வேலைமேசை) காசு கொடுத்தால் வந்துவிடும், தொழிலைக் கவிழ்ப்பது நாள்கணக்கு.

விவசாயி நடவு செய்யும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பாட்டிலில் வளர்ந்த கன்றை நிழல்வலைக்குள் இரண்டு கட்டமாக வெளிச்சூழலுக்குப் பழக்கப்படுத்த ஏறக்குறைய 3 மாதம், அதற்கு முன் வேர்பிடிக்க ஒரு மாதம், அதற்கும் முன்னால் 3-4 வாரத்துக்கு ஒருமுறை பாட்டிலில் பிரித்துப் பிரித்துப் பெருக்கும் வேலை. ஆக, இன்று கிழங்கின் குருத்தை வெட்டி வைத்தால் கன்று கைக்கு வர ஒரு வருஷம் ஆகிவிடும். நடவு தள்ளிப்போனால் கன்று பையிலேயே முற்றிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் தெரிந்தவராகவே இருந்தாலும் முன்பணம் வாங்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள்.

ஆர்டர் குவிகிறதே என்று ஒரே கிழங்கை மேலும் மேலும் பிரிக்க ஆசை வரும். வேண்டாம். 8 சுற்றோடு நிறுத்திவிட்டுப் புதுக் கிழங்கு எடுங்கள். அதைத் தாண்டத் தாண்ட குட்டைச் செடி, இலை மாறிய செடி எல்லாம் கூடும், அது தெரிவது விவசாயியின் வயலில்தான்.

தாய்மரத்துக்கு வைரஸ் பரிசோதனை கட்டாயம். முடிக்கொத்து நோய் வைரஸ் வெளியே தெரியாமல் ஆயிரக்கணக்கான கன்றுக்குப் போய்விடும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் தொடங்கிய சான்றிதழ் திட்டத்தில் வைரஸ், மரபு ஒற்றுமை (கன்று தாய்மரம் மாதிரியே இருக்கிறதா என்பது) இரண்டையும் சோதிக்கிறார்கள். செலவுதான், ஆனாலும் செய்யுங்கள்.

அப்புறம் கன்டாமினேஷன், அதாவது பாட்டிலுக்குள் பூசணமோ பாக்டீரியாவோ புகுந்துவிடுவது. பாட்டிலில் பஞ்சு மாதிரி பூசணம் தெரிந்தால் மூடியைத் திறக்காமல் அப்படியே ஆட்டோகிளேவில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, பிரித்தவர் பெயர், மீடியா (கன்று வளரும் சத்துக்கலவை) பேட்ச், தாய்க்கிழங்கு எண் நான்கும் இருக்கட்டும். ஒருவருடைய பாட்டில்கள் மட்டும் கெட்டால் கைப்பழக்கம், ஒரு பேட்ச் முழுக்க கெட்டால் ஆட்டோகிளேவ், தண்டடியில் பால்போல் மங்கல் படர்ந்து ஒரே கிழங்கின் வாரிசுகளில் மட்டும் வந்தால் கிழங்குக்குள்ளேயே இருந்த பாக்டீரியா என்று சந்தேகப்படலாம். பாட்டில் கெட்டதற்காக, பிரிக்கும் வேலை செய்யும் பெண்களின் சம்பளத்தைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பிடித்தால் அவர்கள் கெட்ட பாட்டிலை அலமாரியின் பின்வரிசையில் தள்ளிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியவரும்போது அந்த அறையே போயிருக்கும்.