குழந்தைகளுக்கான எழுத்தாளரின் வாழ்க்கையைத் திரைக்கதையாக்குவது எப்படி?

எழுத்தாளரைப் பற்றித் திரைக்கதை எழுத உட்கார்ந்ததுமே ஒரு சிக்கல் வந்து நிற்கும். அவர் வாழ்க்கையில் செய்த முக்கியமான வேலை, மேசை முன்னால் உட்கார்ந்து எழுதியது. அதைக் கேமரா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? குழந்தைகளுக்கு எழுதியவர் என்றால் இன்னொரு சுமையும் சேரும். அவர் மனதுக்குள் ஓடியதைத் திரையில் காட்டியாக வேண்டும், அதற்காகப் படம் மாயாஜாலப் படமாகிவிடவும் கூடாது.

இரண்டையும் சமாளித்த படங்களில் உட்கார்ந்து படிக்கத் தகுந்தது 2004இல் வந்த 'ஃபைண்டிங் நெவர்லேண்ட்'. வளரவே வளராத சிறுவனைப் பற்றிய பீட்டர் பான் நாடகத்தை எழுதிய ஜே. எம். பாரியைப் பற்றிய படம். ஆலன் நீ எழுதிய மேடை நாடகத்திலிருந்து டேவிட் மேகீ திரைக்கதை எழுத, மார்க் ஃபார்ஸ்டர் இயக்கினார். பாரியாக ஜானி டெப், அவர் பழகும் பையன்களின் அம்மா சில்வியாவாக கேட் வின்ஸ்லெட். கீழே உள்ள முறையை இந்தப் படத்தை வைத்தே விளக்கியிருக்கிறோம். படத்தை ஒருமுறை சும்மா பார்த்துவிட்டு, இரண்டாவது முறை குறிப்பு நோட்டோடு பாருங்கள். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம் என்பதால் அந்த வரிசை முக்கியம்.

முதலில் அட்டவணை

ஒரு பெரிய தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் வாழ்க்கை, ஆண்டுவாரியாக. இரண்டாவதில் படைப்புகள். மூன்றாவதை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

பாரிக்கு அந்தத் தாள் இப்படி வரும். 1860இல் ஸ்காட்லாந்தில் பிறப்பு. 1867இல், இவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது அண்ணன் டேவிட் பனிச்சறுக்கு விபத்தில் இறக்கிறான். 1894இல் நடிகை மேரி ஆன்செலுடன் திருமணம். 1897இல் லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவில் லுவெலின் டேவிஸ் வீட்டுப் பையன்களைச் சந்திக்கிறார். 1901 கோடையில் அவர்களோடு சர்ரேயில் கடற்கொள்ளையர் விளையாட்டு. 1902இல் பீட்டர் பான் முதன்முதலாக ஒரு நாவலுக்குள் தலைகாட்டுகிறான். 1904 டிசம்பர் 27 அன்று டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் நாடகம் அரங்கேறுகிறது. 1907இல் பையன்களின் அப்பா ஆர்தர் புற்றுநோயால் இறக்கிறார். 1909இல் பாரிக்கு விவாகரத்து. 1910இல் பையன்களின் அம்மா சில்வியா மறைகிறார்.

பையன்களைச் சந்தித்ததிலிருந்து மட்டும் படமாக்கினாலே பதின்மூன்று வருடக் கதை ஆகும். பையன்கள் வளர வளர நடிகர்களை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒரு ஜன்னலை, அதாவது வாழ்க்கையின் ஒரு சிறு காலப்பகுதியை, தேர்ந்தெடுங்கள். நல்ல ஜன்னல் ஒரே ஒரு படைப்பு உருவாவதோடு முடியும், அதற்கு முந்தைய தோல்வியில் தொடங்கும். இந்தப் படம் 1903இல் ஒரு நாடகம் படுத்துவிடுவதில் தொடங்கி, பீட்டர் பான் அரங்கேறியதற்குச் சற்றுப் பின்னால் முடிகிறது.

ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சம்பவங்களில் சிலவற்றை உள்ளே இழுக்கலாம், சிலவற்றை வசனத்தில் சொல்லலாம், மற்றதை விட்டுவிடலாம். படத்தில் ஆர்தர் கதை தொடங்கும் முன்பே இறந்திருக்கிறார். 1910இல் நடந்த சில்வியாவின் மரணம் அரங்கேற்றத்தின் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. மனைவி பிரிவதும் அப்படியே முன்னுக்கு வருகிறது. அண்ணன் டேவிட் ஒரு உரையாடலில் மட்டும் வருகிறான். ஐந்தாவது பையன் நிக்கோ 1903இல் கைக்குழந்தை, அவன் படத்திலேயே இல்லை.

இப்போது மூன்றாவது பத்தி. அதற்கு 'விலை' என்று பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே என்ன கிடைத்தது, என்ன போனது என்று ஒரு வரி. ஆர்தரை எடுத்ததால் அப்பா இல்லாத வீடு கிடைத்தது, அந்த வெற்றிடத்துக்குள் பாரி வந்து நிற்கக் காரணம் கிடைத்தது. ஆனால், தன் பிள்ளைகளோடு வேறொருவர் தினமும் விளையாட வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அப்பாவின் சங்கடம் போய்விட்டது. எங்கள் பார்வையில் அது பெரிய இழப்பு. பாரியின் நடத்தையைக் கேள்வி கேட்க வீட்டுக்குள் உரிமையுள்ள ஆள் அவர் ஒருவர்தான். படம் அந்த வேலையைப் பாட்டி கதாபாத்திரத்திடம் கொடுத்து ஓரளவு ஈடுகட்டுகிறது.

தேதியை நகர்த்தலாம், ஆட்களைக் குறைக்கலாம். நிஜ மனிதர் செய்யாத தப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. இந்தக் கோட்டைத் தாண்டினால் குடும்பத்தாருக்குப் பதில் சொல்ல முடியாது, படத்தின் மற்ற நல்ல காட்சிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கற்பனைக்கு ஒரு பொருள்

எழுத்தாளரின் படைப்பிலிருந்து இருபது படிமங்களை எடுத்துப் பட்டியலிடுங்கள்: கொக்கிக் கை, பறத்தல், கடிகாரத்தை விழுங்கிய முதலை என்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நிஜ வாழ்க்கையில் கையால் தொடக்கூடிய ஒரு பொருளையோ, ஒருவரின் பழக்கத்தையோ எழுதுங்கள். ஆதாரம் உள்ளதற்கு ஒரு நிறம், நீங்களே கற்பித்ததற்கு வேறு நிறம். தொடுவதற்குப் பொருள் கிடைக்காத படிமத்தைக் கைவிடுங்கள், அது எத்தனை அழகாக இருந்தாலும்.

'ஃபைண்டிங் நெவர்லேண்ட்' இதில் மிகக் கவனமான படம். நாடக விமர்சனத்தை வீட்டில் கத்தரித்துவிட்டதால் செய்தித்தாளில் ஓட்டை. பூங்காவில் அந்த ஓட்டை வழியாகத்தான் கதைக்குத் தேவையானவர்கள் பாரியின் கண்ணில் படுகிறார்கள். தோல்வியும் புதிய தொடக்கமும் ஒரே தாளில்! பாட்டி பையன்களைக் கண்டிக்கும்போது கையில் இருக்கும் துணி மாட்டும் கம்பி ஒரு நொடியில் கொக்கியாகிறது. பையன்கள் கட்டிலில் குதிக்கும் குதிதான் பறத்தலாகிறது.

இங்கே பலரும் சறுக்குவது ஓரிடத்தில். பொருளைப் பார்த்ததும் எழுத்தாளரின் கண் விரிகிறது, ஓடிப்போய் எழுத ஆரம்பிக்கிறார். அப்படி வைத்தால் எழுத்து என்பது பார்த்ததை நகலெடுக்கும் வேலை என்று ஆகிவிடும். விதைக்கும் விளைச்சலுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடப் படமாவது ஓடட்டும். பார்வையாளர் மறந்த பிறகு மேடையில் அது வரும்போதுதான் சிலிர்க்கும்.

காட்சிக்குள் போவதும் வெளியே வருவதும்

ஒவ்வொரு கற்பனைக் காட்சிக்கும் தனி அட்டை எழுதுங்கள். அதில் நான்கு வரி: எதைப் பார்த்து உள்ளே போகிறோம், எந்த அசைவில் கட் விழுகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறோம், யார் நம்மை வெளியே இழுக்கிறார்கள். நான்காவது வரி எழுத வரவில்லை என்றால் காட்சி இன்னும் தயாராகவில்லை.

பூங்காக் காட்சியைப் பாருங்கள். பாரி தன் நாயோடு நடனமாடுகிறார். அது சர்க்கஸ் கூடாரமாகிறது, நாய் கரடியாகிறது. அசைவு தொடரும்போதே இடம் மாறுவதால் கட் உறுத்தவில்லை. கூடவே, அது வெறும் நாய்தானே என்று பையன்களில் ஒருவனான பீட்டர் மறுக்கிறான். கற்பனையும் அதற்கான எதிர்ப்பும் ஒரே காட்சியில் நிலைபெற்றுவிடுகின்றன.

இன்னொன்று, படத்திலேயே சிக்கனமானது. இரவில் கணவனும் மனைவியும் அவரவர் அறைக் கதவைத் திறக்கிறார்கள். அவள் கதவுக்குப் பின்னால் இருட்டு, அவர் கதவுக்குப் பின்னால் வெயிலடிக்கும் பச்சை வெளி. வசனமே இல்லை. ஒரு திருமணம் ஏன் முறிகிறது என்பது சில நொடியில் புரிந்துவிடுகிறது. உங்கள் திரைக்கதையில் இப்படி ஒன்றாவது இருக்கட்டும்: எழுத்தாளரின் கற்பனையால் பக்கத்தில் இருப்பவர் என்ன இழக்கிறார் என்று காட்டுவது.

அளவு பற்றி. நூறு நிமிடப் படத்துக்கு எட்டு முதல் பத்து கற்பனைக் காட்சிகள் போதும். ஒவ்வொன்றும் இருபது நொடியிலிருந்து ஒன்றரை நிமிடம். கடைசிக் காட்சிக்கு மட்டும் மூன்று நிமிடம்வரை கொடுக்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு வந்தால் ஒன்றை நகர்த்துங்கள், இல்லையென்றால் பார்வையாளர் நிஜக் காட்சிகளையும் சந்தேகப்படத் தொடங்குவார். மங்கலான லென்ஸ், நீல நிறம், எதிரொலி எல்லாம் வேண்டாம். அடுத்த இடத்தின் ஒலியைப் படத்துக்கு ஓரிரு நொடி முன்னால் கொண்டுவந்தால் போதும். கடலுக்கு அசையும் துணி, கப்பலுக்கு மரச்சட்டம் என்று அந்தக் காலத்து மேடைப் பொருள்களையே பயன்படுத்தினால் செலவு குறையும், நாடகக்காரரின் கற்பனைக்கும் அதுதான் பொருந்தும்.

குதிக்கிற, பறக்கிற காட்சிகளில் பிள்ளைகள் நடித்தால் கட்டிலைச் சுற்றிலும் தடித்த மெத்தை போடுங்கள், கயிற்று வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆளை வையுங்கள். பீட்டர் பான் பார்த்த குழந்தைகள் வீட்டில் கட்டிலிலிருந்து பறக்க முயன்று அடிபட்டதால்தான், தேவதைத் தூள் தூவினால்தான் பறக்க முடியும் என்று பாரி பின்னால் சேர்த்தார்.

நம்ப மறுக்கும் ஒருவர்

கற்பனையை எல்லோரும் கொண்டாடினால் கதை நகராது. மறுப்பவர் ஒருவர் வேண்டும், அவர் மறுப்பதற்கு நியாயமும் வேண்டும். பீட்டர் முரண்டு பிடிப்பது பிடிவாதத்தால் அல்ல. அப்பாவின் நோயைப் பற்றிப் பெரியவர்கள் தன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை என்ற காயம் அவனுக்கு இருக்கிறது. இப்போது அம்மாவும் இருமலை மறைக்கிறாள். அவன் கண்ணுக்குக் கற்பனையும் பொய்யும் ஒன்றுதான். தான் எழுதியதை அவனே கிழித்தெறியும் காட்சி அதனால்தான் வலிக்கிறது.

திரைக்கதையைத் தொடங்கும் முன்பே, மறுப்பவரின் கேள்வியை ஒரு வரியில் எழுதி, உங்கள் எழுத்தாளர் அதற்கு என்ன பதில் சொல்வார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். 'கற்பனை நல்லது' என்ற அளவிலேயே அந்தப் பக்கம் நின்றுவிட்டால் படமும் அங்கேதான் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. நிஜத்தில் பாரிக்கு மிக நெருக்கமாக இருந்தவர்கள் ஜார்ஜும் மைக்கேலும். பீட்டரை மையமாக்கியது திரைக்கதையின் தேர்வு. தன் பெயரோடு அந்தப் பாத்திரம் ஒட்டிக்கொண்டதை நிஜ பீட்டர் வளர்ந்த பிறகு வெறுத்தார். குழந்தையாக இருந்த நிஜ மனிதரைக் கதாபாத்திரமாக்கும்போது இந்தப் பொறுப்பும் கூட வருகிறது.

படைப்பு அரங்கேறும் காட்சி

நாடகத்தையோ புத்தகத்தையோ முழுக்கக் காட்டாதீர்கள். நான்கு துண்டுகள் போதும், ஒவ்வொரு துண்டுக்கும் சமமான நேரம் பார்ப்பவர் முகத்துக்கு. படத்தில் பாரி ஆதரவற்ற குழந்தைகளுக்காக 25 இருக்கைகளை அரங்கம் முழுக்கப் பரப்பி ஒதுக்கச் சொல்கிறார். விறைப்பான கனவான் முகம், பக்கத்தில் சிரிக்கும் குழந்தை, மறுபடி அதே கனவான், உதடு லேசாக நெகிழ்கிறது. இந்த வரிசையை அப்படியே கற்றுக்கொள்ளலாம். உண்மையான முதல் இரவில் பாரி செய்திருந்த ஏற்பாடு வேறு: நாடகத்தில் வரும் குட்டித் தேவதை டிங்கர் பெல்லைக் காப்பாற்றக் கைதட்டுங்கள் என்று கேட்கும்போது அரங்கம் அமைதியாக இருந்தால், இசைக்குழுவினர் வாத்தியத்தை வைத்துவிட்டுத் தட்ட வேண்டும். அதுவும் நல்ல காட்சிதான். ஆனால் 25 இருக்கைகள் கேமராவுக்கு 25 இடங்களைத் தருகின்றன.

அரங்க வெற்றியோடு நிறுத்தாதீர்கள். நாடகம் பிறகு சில்வியாவின் வீட்டுக்கே வருகிறது. அதுவரை பாரியும் பையன்களும் மட்டுமே போய்வந்த நெவர்லேண்ட் என்ற கற்பனை உலகத்துக்குள் அவள் நடந்துபோகிறாள். கற்பனைக் காட்சிகள் அத்தனையும் இந்த ஒரு நடைக்காகச் சேர்த்துவைத்தவை.

அனுமதி

ஒருவர் வாழ்க்கைச் சம்பவங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றைச் சொல்லும் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு உண்டு. நூலின் அமைப்பையோ வசனத்தையோ எடுப்பதானால் உரிமை வாங்குங்கள். எழுத்தாளரின் படைப்புக்கு இந்தியாவில் அவர் இறந்து 60 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும், பிரிட்டனில் 70. படைப்பிலிருந்து காட்சிகளைக் காட்டப் போகிறீர்கள் என்றால் இதை முதல் பிரதிக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். 'ஃபைண்டிங் நெவர்லேண்ட்' 2003இல் வரவேண்டிய படம். பீட்டர் பானின் திரைப்பட உரிமை கொலம்பியா என்ற திரைப்பட நிறுவனத்திடம் இருந்தது, அவர்களும் அதே சமயத்தில் ஒரு பீட்டர் பான் படம் வெளியிட இருந்தார்கள். நாடகக் காட்சிகளைப் பயன்படுத்துவதற்காக இந்தப் படம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பாரி 1929இலேயே நாடகத்தின் உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தார். பிரிட்டனில் அந்த மருத்துவமனைக்கு ராயல்டி கால வரம்பின்றிப் போகும்படி 1988 பதிப்புரிமைச் சட்டத்திலேயே தனி ஏற்பாடு உண்டு. சில படைப்புகளுக்கு இப்படி விதிவிலக்கு இருக்கும் என்பதால், ஆண்டைக் கூட்டிப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

கடைசியில் எழுத்து அட்டை போடுவதாக இருந்தால், உங்கள் ஜன்னல் எதை மறைத்ததோ அதைச் சொல்ல அதைப் பயன்படுத்துங்கள். இந்தக் கதைக்கு என்றால் ஆர்தர் 1907வரை உயிரோடு இருந்தார், சகோதரர்கள் ஐந்து பேர் என்று இரண்டே வரி. நான்கு வரிக்கு மேல் போனால் அரங்கில் விளக்கு எரிந்துவிடும், யாரும் படிக்க மாட்டார்கள்.