பதின்பருவத்தினர், டிவி, மனநிலை: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளுமைப் பண்பு, டிவி பழக்கம், மனநிலை மூன்றையும் இணைக்கும் ஆய்வுத் திட்டங்களை உளவியல் மாணவர்கள் அடிக்கடி கொண்டுவருகிறார்கள். மாதிரி அளவு போன்ற பிழைகளை நெறியாளரே பிடித்துவிடுவார். எங்கள் காலத்திலிருந்து மாறாமல் தொடர்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவி பள்ளி பள்ளியாக அலைந்து தரவு சேர்த்து வந்தார். நியூராட்டிசிசம், அதாவது சட்டென்று கலங்கிவிடும் இயல்பு, அதிகமுள்ள பிள்ளைகளின் மனநிலை மோசமாக இருந்தது. அந்தப் பண்பைக் கணக்கில் சேர்த்ததும் டிவியின் பங்கு காணாமல் போயிற்று. "டிவியால் பாதிப்பில்லை" என்று முடிவுரையும் எழுதிவிட்டார்.

இரண்டு வினாத்தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஆளுமைத் தாளில் "அடிக்கடி சோர்ந்துபோகிறேன்." மனநிலைத் தாளில் "இப்போதெல்லாம் சோர்வாக இருக்கிறது." ஒரே பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டுக்கும் டிக் அடித்தால் விடைகள் ஒத்துப்போகத்தானே செய்யும்? மனநிலையை மனநிலையாலேயே விளக்கியாகிவிட்டது. டிவி விளக்க என்ன மிச்சம்? ஒத்த கேள்விகளை நீக்கிவிட்டுக் கணக்கிடலாம், ஆனால் மிஞ்சுவது அரைகுறை அளவுகோல். அத்தனை பிள்ளைகள் நம்பிச் சொன்ன பதில்கள் பாழ்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்பே வரிவரியாக ஒப்பிடுங்கள். ஆளுமையை முதலில் அளந்துவிட்டு, சில வாரம் கழித்து மனநிலையைத் தினமும் பலமுறை கேளுங்கள். 1970களிலேயே உளவியலாளர்கள் சிக்சென்ட்மிஹாயும் லார்சனும் சிகாகோ பகுதி மாணவர்களிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று எழுதவைத்தார்கள். இப்போது போனே போதும்.

அம்புக்குறியை ஒரு பக்கம் மட்டும் போடுவது

டிவி பார்த்ததால் சோர்வு என்கிறீர்கள். சரி, சோர்ந்துபோனதால் டிவி முன் உட்கார்ந்திருந்தால்? மனநிலையை மாற்றிக்கொள்ளவே நிகழ்ச்சிகளைத் தேர்கிறோம் என்ற விளக்கத்தை ஊடக உளவியல் ஆய்வாளர் டால்ஃப் ஸில்மன் 1988இலேயே முன்வைத்தார். கலங்கும் இயல்பு இரண்டையுமே தூண்டியிருக்கவும் கூடும்.

சின்னத் தொடர்பைப் பெரிதாக்குவது

உளவியல் ஆய்வாளர்கள் ஓர்பெனும் ஷிபில்ஸ்கியும் 2019இல் பெரிய தரவுத்தொகுப்புகளை அலசினார்கள். பதின்பருவத்தினரின் நலனில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கியது அதிகபட்சம் 0.4 சதவீதம். பெற்றோரைப் பயமுறுத்தும் பரிந்துரைகளை எழுதும்முன் இந்த எண்ணை நினையுங்கள்.

மணிநேரத்தை மட்டும் எண்ணுவது

என்ன பார்த்தார்கள், யாரோடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டா என்பதையும் கேளுங்கள்.